டோரதியா லாங் கேட்காமல் விட்ட ஒரு பெயர்

‘மைக்ரன்ட் மதர்’ (இடம்பெயர்ந்த தாய்) படத்தைத் தவிர அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரதியா லாங்கைப் பற்றி எதுவும் தெரியாது, அவர் எங்கிருந்து வந்தார், எப்படி வேலை செய்தார், எதிலெல்லாம் ஆர்வம் காட்டினார் என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். இரண்டு வரியில் முடித்திருக்கலாம். ஆனால் அந்த ஒரு படத்தை வைத்து லாங்கைப் புரிந்துகொள்ளப் போனால் தப்பான ஆளைத்தான் பிடிப்போம். அவர் வழக்கமாக வேலை செய்த முறையிலிருந்து விலகி எடுத்த படம் அது. அதனால் அங்கே கொஞ்சம் தாமதித்துப் போவோம்.

படம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கந்தல் கூடாரத்தின் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். கை கன்னத்தருகே, பார்வை எங்கேயோ தூரத்தில். இரண்டு பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவருடைய இரு தோள்களிலும் சாய்ந்திருக்கிறார்கள், மடியில் கைக்குழந்தை. 1936, கலிஃபோர்னியா. உலகத்தில் அதிகம் அச்சான புகைப்படங்களில் ஒன்று.

லாங் பிறந்தது 1895 மே 26, நியூ ஜெர்சியில் ஹோபோகன். ஹட்சன் ஆற்றைக் கடந்தால் நியூயார்க். ஜெர்மன் வம்சாவளிக் குடும்பம், இயற்பெயர் டோரதியா நட்ஸ்ஹார்ன். ஏழு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் முழங்காலுக்குக் கீழே சூம்பிப்போனது. சாகும்வரை விந்தி விந்திதான் நடந்தார். தெருப்பிள்ளைகள் நொண்டி என்று கூப்பிட்டார்கள். அதைக்கூட மறந்திருப்பார். வெளியே போகும்போது யாராவது தெரிந்தவர் எதிரே வந்தால், “முடிந்தவரை ஒழுங்காக நட” என்று அம்மா மெதுவாகச் சொல்வாராம். அது கடைசிவரை உறுத்தியது. பன்னிரண்டு வயதில் அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். பின்னாளில் அவருடைய பெயரை உதறிவிட்டு, அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரான லாங்கை எடுத்துக்கொண்டார்.

அம்மாவுக்கு நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில் நூலக வேலை. ஐரோப்பாவிலிருந்து வந்திறங்கிய யூதக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி அது. மகளையும் அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். பள்ளி விட்டதும் நூலகத்துக்குப் போய் உட்கார்ந்து ஜன்னல் வழியாக எதிர்வீடுகளை வேடிக்கை பார்ப்பது, அம்மாவுக்கு வேலை இருக்கும் நாளில் பவரி தெரு வழியாகத் தனியாக நடந்து திரும்புவது, இதுதான் அன்றாடம். பவரி என்றால் அன்றைக்குக் குடிகாரர்கள் நடைபாதையில் விழுந்து கிடக்கும் தெரு. யார் கண்ணிலும் படாமல், முகத்தில் எதையும் காட்டாமல், ஆனால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நடக்க அங்கேதான் பழகினேன் என்று லாங் பிற்பாடு சொன்னார். இந்த ஒரு பாடத்தை எந்தப் புகைப்படப் பள்ளியும் சொல்லித்தர முடியாது.

1913ல் பள்ளிப்படிப்பு முடிந்ததும், நான் புகைப்படக்காரி ஆகப்போகிறேன் என்று வீட்டில் அறிவித்தார். அதுவரை கையில் ஒரு கேமரா கிடையாது. நியூயார்க்கில் பணக்காரர்களின் உருவப்படங்களுக்குப் பேர்போன ஆர்னால்ட் கென்தியின் ஸ்டுடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தார். புகைப்படக் கலைஞர் கிளாரன்ஸ் வைட் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடத்திய வகுப்பிலும் உட்கார்ந்தார், கொடுத்த வீட்டுப்பாடத்தை மட்டும் செய்யவில்லை. 1918ல் ஒரு தோழியோடு உலகம் சுற்றக் கிளம்பினார். சான் ஃபிரான்சிஸ்கோ போய்ச் சேர்ந்ததுமே பணம் திருடுபோயிற்று. உலகச் சுற்றுலா அந்த ஊரோடு நின்றது. ஒரு கடையில் ஃபிலிம் வாங்கி, கழுவி, பிரின்ட் போட்டுக் கொடுக்கும் கவுன்டரில் வேலைக்கு நின்றார். அடுத்த வருஷமே சொந்தமாக ஸ்டுடியோ போட்டார்.

இந்த ஸ்டுடியோ காலத்தை, ஏதோ பிழைப்புக்காகச் செய்தது என்று பலரும் ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நான் பதினைந்து வருஷம் கல்யாணப் படம் எடுத்துப் பிழைத்தவன், அதனால் கொஞ்சம் பாசம் கூடுதலாக இருக்கலாம். ஸ்டுடியோவில் முதலில் கற்றுக்கொள்வது காத்திருப்பதைத்தான். வந்து உட்காருகிறவர் ‘போட்டோ முகம்’ ஒன்றை மாட்டிக்கொண்டுதான் வருவார். ஏதாவது பேச்சுக் கொடுத்து, லைட்டைத் திருத்துகிற மாதிரி நேரம் கடத்தி, அவர் அலுத்துப்போய் அந்த முகத்தைக் கழற்றி வைக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். லாங் இதைச் சுமார் பதினைந்து வருஷம் சான் ஃபிரான்சிஸ்கோவின் வசதியான குடும்பங்களிடம் செய்தார். பிறகு அதே பொறுமையை எடுத்துக்கொண்டுதான் பருத்திக் காட்டுக்குப் போனார்.

1920ல் ஓவியர் மேனார்ட் டிக்ஸனைக் கல்யாணம் செய்துகொண்டார். அவர் இருபது வயது மூத்தவர், அமெரிக்க மேற்கின் பாலைநிலங்களை வரைந்தவர். இரண்டு ஆண்பிள்ளைகள். 1929ல் பங்குச் சந்தை சரிந்ததும் படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்கள் குறைந்தார்கள். தெருவில் வேலையில்லாதவர்களின் கூட்டம் பெருகியது. ஸ்டுடியோ ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்தக் கூட்டம்தான். 1933 வாக்கில் ஒரு நாள் கேமராவைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். ‘வைட் ஏஞ்சல்’ என்று பெயர்பெற்ற பணக்கார விதவை ஒருவர் நடத்திய கஞ்சித்தொட்டிக்கு முன்னால் தொப்பி போட்ட ஆண்கள் கூட்டமாக முதுகைக் காட்டி நிற்கிறார்கள். ஒரே ஒரு கிழவர் மட்டும் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நம் பக்கம் திரும்பியிருக்கிறார். மரக்கட்டைத் தடுப்பின்மேல் கைகளைக் கோத்து வைத்திருக்கிறார், கைகளுக்கு நடுவே ஒரு தகரக் குவளை. கண்கள் தொப்பி விளிம்புக்குள் மறைந்துவிட்டன. அந்தக் கைகளும் குவளையுந்தான் படமே.

பிரின்ட் போட்டு ஸ்டுடியோ சுவரில் மாட்டினார். வந்த வாடிக்கையாளர்கள், இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார்களாம். அவருக்கே அப்போது தெரியாது.

பதில் வந்தது ஒரு பொருளாதாரப் பேராசிரியர் வழியாக. பெர்க்லியில் பாடம் நடத்திய பால் டெய்லர் பல வருஷமாக மெக்சிகோ விவசாயத் தொழிலாளர்களை ஆராய்ந்துகொண்டிருந்தவர், ஸ்பானிய மொழி சரளமாகப் பேசுவார். 1934ல் ஒரு கண்காட்சியில் லாங்கின் படங்களைப் பார்த்தார். அடுத்த வருஷம் கலிஃபோர்னியா மாநில நிவாரணத் துறைக்காகக் கூலித் தொழிலாளர்களின் நிலையை அறிக்கை எழுதப் போனபோது, எனக்கு ஒரு புகைப்படக்காரர் வேண்டும் என்று கேட்டார். அறிக்கைக்கு எதற்குப் படம், அப்படி ஒரு பதவியே இல்லையே என்றார்கள். சரி என்று லாங்கை டைப்பிஸ்ட் என்று கணக்கில் எழுதி வேலைக்குச் சேர்த்தார். ஃபிலிம் வாங்கிய செலவு எழுதுபொருள் கணக்கில் போனது. அமெரிக்க ஆவணப் புகைப்படத்தின் பெரிய கதை ஒன்று இப்படி ஒரு பொய்க்கணக்கில்தான் தொடங்கியது! அந்தப் படங்கள் ஒட்டிய அறிக்கைகளின் பலனாகத்தான் மேரிஸ்வில், ஆர்வின் என்ற இரண்டு இடங்களில் தொழிலாளர் முகாம் கட்டப் பணம் ஒதுக்கப்பட்டது. 1935 டிசம்பரில் டிக்ஸனிடமிருந்து விலகியிருந்த லாங் டெய்லரை மணந்தார்.

இந்த இடத்தில் கசப்பான விஷயம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த வருஷங்களில் பிள்ளைகளைக் காசு கொடுத்து வேறு குடும்பங்களிடம் விட்டுத்தான் அவர் ஊர் ஊராக அலைந்தார். தாய்மார்களின் முகத்தை உலகத்துக்குக் காட்டியவரின் பிள்ளைகள் அந்நியர் வீட்டில் வளர்ந்தார்கள். அதே காரியத்தைச் செய்த ஆண் புகைப்படக்காரர்களிடம் யாரும் இதைக் கேட்பதில்லை என்பதும் உண்மை, பிள்ளைகளுக்கு அது வலித்தது என்பதும் உண்மை.

வறுமையில் வாடிய விவசாயிகளுக்கு உதவ 1935ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் அரசு தொடங்கிய மறுகுடியமர்வுத் துறை லாங்கை எடுத்துக்கொண்டது. 1937ல் அது பண்ணைப் பாதுகாப்புத் துறையாக மாறியது. அங்கே புகைப்படப் பிரிவுக்குத் தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர். வாக்கர் எவன்ஸ், பென் ஷான், ஆர்தர் ராத்ஸ்டீன், ரஸ்ஸல் லீ என்று பெரிய பட்டாளமே அவரிடம் இருந்தது. லாங்கோடு அவருக்கு ஓயாத சண்டை. நெகட்டிவை நானே பெர்க்லியில் கழுவிக்கொள்கிறேன் என்பார் இவர், எல்லாம் வாஷிங்டனுக்கு வர வேண்டும் என்பார் அவர். பணத் தட்டுப்பாடு வந்தபோதெல்லாம் லாங்கின் வேலைதான் முதலில் ஆட்டம் கண்டது. 1939 முடிவில் ஒரேயடியாக அனுப்பிவிட்டார்கள்.

இனி அவர் வேலை செய்த விதத்துக்கு வருவோம். நான் நிறையச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

கையில் கிராஃப்ளெக்ஸ். 4க்கு 5 அங்குல ஃபிலிமைத் தாள் தாளாகப் போட்டு எடுக்கும் பெரிய பெட்டி, தலைக்குமேல் தோலால் செய்த நீண்ட மூடாக்கு. அதற்குள் குனிந்து பார்த்துத்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். இதை மறைத்து வைத்துத் திருட்டுத்தனமாகப் படம் எடுக்க வழியே இல்லை. போனதும் எடுக்கமாட்டார். குடிக்கத் தண்ணீர் கேட்பார், அந்தத் தண்ணீரை ரொம்ப நேரம் குடிப்பார். தரையில் உட்கார்ந்துகொள்வார். பிள்ளைகள் வந்து அழுக்குக் கையால் லென்ஸைத் தொட்டாலும் தடுக்கமாட்டார். லென்ஸை அப்புறம் துடைத்துக்கொள்ளலாமே. முதலில் தன்னைப் பற்றிச் சொல்வார், பிறகுதான் மற்றவர்களைக் கேட்பார். காலை இழுத்து இழுத்து நடந்து வருகிற ஒரு பெண்ணைப் பார்த்து யாரும் மிரளவில்லை. அந்தக் கால் இல்லாவிட்டால் மனிதர்கள் என்னை இப்படி உள்ளே விட்டிருக்கமாட்டார்கள் என்று அவரே சொன்னதுண்டு. அம்மா மறைக்கச் சொன்ன கால்தான் கடைசியில் கதவைத் திறந்துவிட்டது.

படம் எடுத்து முடிந்ததும் அவசரமாகக் காருக்குத் திரும்பி, அவர்கள் சொன்ன வார்த்தைகளை மறப்பதற்குள் நோட்டில் எழுதிக்கொள்வார். சுருக்கம் கிடையாது, மெருகு கிடையாது, அவர்கள் வாயில் வந்த மாதிரியே. டெய்லரிடம் கற்ற பழக்கம் இது. 1937ல் டெக்சாஸில் நிலமிழந்த ஆறு இளம் குத்தகை விவசாயிகள் ஒரு வீட்டு முன்னால் வரிசையாக நிற்கும் படம் ஒன்று உண்டு. படத்தை மட்டும் பார்த்தால் ஆறு வெட்டி ஆண்கள். குறிப்பைப் படியுங்கள்: மூத்தவருக்கே 33 வயதுதான். எல்லாரும் இந்த நாட்டிலேயே பிறந்தவர்கள். ஆனால் டெக்சாஸின் தலைவரி கட்ட வழியில்லாததால் ஒருவருக்கும் ஓட்டுப் போட முடியாது. அரசு நிவாரண வேலையில் மாதம் 22.80 டாலர் வாங்கி ஆளுக்கு நாலு பேருக்குச் சோறு போடுகிறார்கள். இதைப் படித்துவிட்டு மறுபடி படத்தைப் பாருங்கள், அந்த ஆறு பேரும் வேறு ஆட்களாகத் தெரிவார்கள்.

இன்னொன்று, 1938, டெக்சாஸின் வறண்ட வடக்கு மூலை. ஒரு பெண் நெற்றியில் ஒரு கையும் கழுத்தில் ஒரு கையும் வைத்துக்கொண்டு வெற்று வானத்துக்கு எதிரே நிற்கிறார். லாங் கேமராவைத் தாழ்த்திப் பிடித்ததால் அவர் சிலை மாதிரி உயர்ந்து தெரிகிறார். கூடவே அவர் சொன்ன வாக்கியம்: “செத்தா செத்ததுதான், அவ்வளவுதான்.” படம் அவரைத் தெய்வமாக்கப் பார்க்கிறது. அவருடைய வாய்மொழி உடனே தரைக்கு இறக்கிவிடுகிறது. லாங்கிடம் எனக்கு மிகவும் பிடித்தது இந்த இழுபறிதான். 1939ல் அவரும் டெய்லரும் சேர்ந்து கொண்டுவந்த ‘ஆன் அமெரிக்கன் எக்ஸோடஸ்’ புத்தகத்தில், அட்டையைத் திறந்தவுடனே உட்பக்கம் முழுக்க இப்படிப்பட்ட வாய்ப்பேச்சுகள்தான்.

ஆளே இல்லாத ஒரு படத்தையும் சொல்லியாக வேண்டும். 1938, டெக்சாஸின் சில்ட்ரஸ் மாவட்டம். உழுத சால்கள் வளைந்து வளைந்து ஓடி வீட்டு வாசலையே தொடுகின்றன. நடுவில் கைவிடப்பட்ட வீடு. முற்றம் இல்லை, பாதை இல்லை, கோழி மேய இடம் இல்லை. டிராக்டர் வாசல்படிவரை உழுதுவிட்டது. அந்த விவசாயிகளைத் துரத்தியது வறட்சியும் புழுதிப் புயலும் மட்டும் இல்லை. பருத்தி விலையை நிமிர்த்த, நிலத்தைத் தரிசாகப் போட்டால் காசு என்றது அரசு. அந்தக் காசு நில உடைமையாளர் கைக்குப் போனது. அவர் குத்தகைக்காரரை வெளியேற்றிவிட்டு டிராக்டர் வாங்கினார். அரசுச் சம்பளம் வாங்கிக்கொண்டே அரசுத் திட்டத்தின் இந்தப் பின்விளைவையும் லாங் படமெடுத்தார்.

1936ல் மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேல் அருகே எடுத்த படத்தில் ஒரு வெள்ளைக்காரர் தன் கார் பம்பரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் கடைத் திண்ணையில் கறுப்பின ஆண்கள் சிலர். யார் யாருக்கு எசமான் என்று சொல்லவே தேவையில்லை. படத்தின் இடது ஓரத்தில் டெய்லரின் உருவம் கொஞ்சம் தெரியும். அவர் பேச்சுக் கொடுக்கிறார், இவர் சுற்றி வந்து எடுக்கிறார், இதுதான் அவர்களுடைய கூட்டு. இரண்டு வருஷம் கழித்து ‘லேண்ட் ஆஃப் த ஃப்ரீ’ என்ற கவிதைப் புத்தகம் இந்தப் படத்திலிருந்து பின்னால் இருந்த கறுப்பினத்தவரை வெட்டிவிட்டு, அந்த வெள்ளைக்காரரை மட்டும் சுதந்திர அமெரிக்கனின் அடையாளமாகப் போட்டது. கத்திரிக்கோல் பட்டால் ஒரு படம் எப்படித் தலைகீழாகும் என்று வகுப்பில் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

சரி, இப்போது அந்தப் படம்.

1936 மார்ச் தொடக்கம். ஒரு மாதம் தனியாக அலைந்து வேலையை முடித்துவிட்டு மழையில் வீட்டுக்குக் காரோட்டிக்கொண்டிருந்தார். நிபோமோ என்ற இடத்தில், பட்டாணி பறிப்போர் முகாம் என்று கையால் எழுதிய பலகை. தாண்டிப் போய்விட்டார். போதும், நிறைய எடுத்தாயிற்று என்று மனதோடு வாதாடிக்கொண்டே இருபது மைல் போனவர், காரைத் திருப்பினார். பட்டாணி பனியில் கருகிப்போய் முகாமில் வேலை இல்லை, சாப்பாடும் இல்லை. நேராக அந்தப் பெண்ணிடம் போனார். பத்து நிமிஷம் இருந்தார். ஐந்து படம் எடுத்ததாகப் பின்னால் எழுதினார், அதற்கும் மேல் எடுத்தது பிற்பாடு தெரியவந்தது. முதல் படங்களில் கூடாரம் முழுக்கத் தெரிகிறது, பெட்டி தெரிகிறது, மூத்த மகள் ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். ஒவ்வொரு படத்திலும் இன்னும் கிட்டே வருகிறார். கடைசியில் தாயும் மூன்று குழந்தைகளும் மட்டும்.

அவருடைய பெயரையோ கதையையோ நான் கேட்கவில்லை என்று 1960ல் லாங்கே எழுதினார். தண்ணீரை மெதுவாகக் குடிப்பவர், தரையில் உட்காருபவர், ஓடிப்போய் நோட்டில் எழுதுபவர், அன்றைக்கு எதையும் செய்யவில்லை. களைப்பு, மழை, வீட்டு நினைப்பு, எதுவாகவும் இருக்கலாம். வயது 32, ஏழு பிள்ளைகள், இவ்வளவுதான் குறிப்பு. சாப்பாட்டுக்காகக் கார் டயரை விற்றுவிட்டார்கள் என்றும் எழுதியிருந்தார். அந்தக் குடும்பம் பின்னாளில் இதை அடியோடு மறுத்தது. டயரை விற்கவில்லை, வழியில் கார் பழுதாகி நின்றிருந்தது, ஆண்கள் அதைச் சரிசெய்யப் போயிருந்தார்கள்.

மார்ச் 10ஆம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோ நியூஸ் நாளிதழில் செய்தியும் லாங்கின் படங்களும் வந்தன. அரசு உடனே இருபதாயிரம் பவுண்டு எடையுள்ள உணவு அனுப்பியது. முகாமில் இருந்தவர்களுக்குச் சோறு கிடைத்தது, அதை மறுக்கக் கூடாது. அதற்குள் படத்தில் இருந்த குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது.

பிறகு ஒரு டச்சப் கதை. கூடாரக் கம்பைப் பிடித்த ஒரு கட்டைவிரல் படத்தின் வலது கீழ் மூலையில் தெரிந்தது. லாங்குக்கு அது கண்ணை உறுத்தியது. சில வருஷம் கழித்து நெகட்டிவில் அதை அழிக்க வைத்தார். ஸ்ட்ரைக்கருக்குக் கோபம். உள்ளதை உள்ளபடி பார்ப்பதே புதிதாகப் புனைவதைவிட உயர்ந்தது என்ற தத்துவ அறிஞர் பிரான்சிஸ் பேக்கனின் வாசகத்தை இருட்டறைக் கதவில் ஒட்டி வைத்திருந்தவர் லாங். ஸ்டுடியோக்காரப் புத்தி அவ்வளவு சுலபத்தில் போகாது. நானாக இருந்தாலும் அந்த விரலை எடுத்திருப்பேன், வாசகத்தை ஒட்டியிருக்கமாட்டேன்.

நாற்பது வருஷத்துக்கும் மேல் அந்தப் பெண் பெயரில்லாமலே உலகம் சுற்றினார். 1978ல் கலிஃபோர்னியாவின் மொடெஸ்டோவில் ஒரு நிருபர் கண்டுபிடித்தார்: ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ஸன். அப்போது வயது 75. பெற்றோர் இருவரும் செரோக்கி பழங்குடியினர், பிறந்தது ஓக்லஹோமா பகுதியில். உலகம் அவரை நாற்பது வருஷம் புழுதிப் புயலில் நிலமிழந்த வெள்ளைக்கார விவசாயி வீட்டுப் பெண் என்று நினைத்துக்கொண்டிருந்தது. உண்மையில் அவர் அந்தப் புயல்களுக்குப் பல வருஷம் முன்பே கலிஃபோர்னியாவுக்கு வந்தவர், கணவர் 1931ல் காசநோயில் இறந்த பிறகு பருத்தியும் பட்டாணியும் பறித்துப் பிள்ளைகளை வளர்த்தவர். இரண்டு கேள்வி கேட்டிருந்தால் இதெல்லாம் நோட்டில் ஏறியிருக்கும். அப்போது இந்தப் படம் இவ்வளவு பிரபலமாகியிருக்குமா என்பது வேறு கேள்வி. அன்றைய அமெரிக்கப் பத்திரிகை வாசகர் ஒரு பழங்குடிப் பெண்ணின் பசிக்கு அதே மாதிரி உருகியிருப்பாரா? எனக்கு நம்பிக்கையில்லை. பெயரில்லாமல் இருந்ததால்தான் அவர் எல்லாருக்கும் தாயானார்.

தாம்ஸனுக்கு அதில் பெருமை இல்லை. அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம், அதனால் எனக்கு ஒரு காசு பிரயோஜனமில்லை, பெயர்கூடக் கேட்கவில்லை, ஒரு பிரதி அனுப்புகிறேன் என்றார், அனுப்பவில்லை என்றார். காசு லாங்குக்கும் வரவில்லை. அரசு வேலையில் எடுத்ததால் படம் பொதுச்சொத்து, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். 1983ல் தாம்ஸன் நோயில் விழுந்தபோது பிள்ளைகள் மருத்துவச் செலவுக்குக் கையேந்த வேண்டி வந்தது. படத்தில் அவர் முகத்தைப் பார்த்திருந்த அந்நியர்கள் நாடெங்கிலுமிருந்து சுமார் 35,000 டாலர் அனுப்பினார்கள். அந்தச் செப்டம்பரில் அவர் இறந்தார். அவருடைய கல்லறையில் ‘மைக்ரன்ட் மதர்’ என்றும் பொறித்திருக்கிறார்கள்.

இவ்வளவும் லாங்கின் மீது குற்றப்பத்திரிகை வாசிப்பதற்காகச் சொல்லவில்லை. அடுத்த ஆறு வருஷத்தில் அவர் செய்த வேலையைப் பாருங்கள். 1941ல் குகன்ஹைம் நல்கை கிடைத்தது. டிசம்பரில் பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கியது. 1942 பிப்ரவரி 19ல் ரூஸ்வெல்ட் போட்ட 9066ஆம் உத்தரவால் மேற்குக் கடற்கரையில் இருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜப்பானிய வம்சாவளியினர் வீடு வாசலை விட்டு முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். அந்த இடமாற்றத்தைப் படமெடுக்க அரசே லாங்கை நியமித்தது. நல்லபடியாக நடக்கிறது என்று காட்டுவார் என எதிர்பார்த்திருப்பார்கள் போலிருக்கிறது.

அவர் முகாமிலிருந்து தொடங்கவில்லை, வீட்டிலிருந்து தொடங்கினார். ஓக்லண்டில் ஒரு மளிகைக் கடை, முகப்பில் பெரிய எழுத்தில் ‘நான் ஓர் அமெரிக்கன்’. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு மறுநாளே உரிமையாளர் மாட்டிய பலகை அது. லாங் படமெடுக்கும்போது கடை மூடிக்கிடக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோ பள்ளி ஒன்றில் சின்னப் பெண்பிள்ளைகள் நெஞ்சில் கைவைத்துக் கொடிக்கு உறுதிமொழி சொல்கிறார்கள். ஹேவர்டில் ஒரு குடும்பம் நல்ல உடை உடுத்திப் பேருந்துக்குக் காத்து நிற்கிறது, பெரியவர் முதல் சின்னக் குழந்தைவரை ஒவ்வொருவர் சட்டையிலும் மூட்டைக்குக் கட்டுகிற மாதிரி ஓர் அட்டை. அந்த அட்டைகளில் குடும்ப எண்தான் இருந்தது. நிபோமோவில் பெயர் கேட்காமல் வந்தவர், எண்ணாக மாற்றப்பட்டவர்கள் யார், என்ன தொழில், எதை விட்டுப் போகிறார்கள் என்று இங்கே பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதினார். மன்ஸனார் முகாமில் முள்வேலியையும் காவல் கோபுரத்தையும் துப்பாக்கி ஏந்திய சிப்பாய்களையும் எடுக்கக் கூடாது என்று கட்டளை. புழுதிக் காற்றில் படபடக்கும் கொடியையும் தார்க்காகிதம் போட்ட கொட்டகை வரிசையையும் எடுத்தார்.

ராணுவம் படங்களைப் பார்த்தது. சிலவற்றின்மேல் ‘முடக்கப்பட்டது’ என்று எழுதிப் பூட்டிவிட்டது. போர் முடிந்ததும் சத்தமில்லாமல் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போயின. 1972ல் ஒரு கண்காட்சியில் சில வெளிவந்தன. பெரும் தொகுப்பாகப் புத்தகமானது 2006ல்தான். தன் வாழ்நாளில் இந்த வேலைக்கு அவருக்கு எந்தப் பெயரும் கிடைக்கவில்லை. அவருடைய சாதனை எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

பிற்கால ஆர்வங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அவற்றில் எல்லாமே ஒரே தரம் இல்லை. 1945க்குப் பிறகு வயிற்றுப்புண் அவரைப் பல வருஷம் முடக்கியது. 1952ல் ‘அபெர்ச்சர்’ புகைப்பட இதழைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1954ல் அயர்லாந்தின் கிளேர் பகுதிக் கிராமங்களுக்குப் போனார். படங்கள் அழகு, எனக்குக் கொஞ்சம் தித்திப்பு தூக்கல். ஆனால் 1956ல் தன்னைவிட இளையவரான புகைப்படக்காரர் பர்க்கிள் ஜோன்ஸோடு சேர்ந்து எடுத்த பெரியெசா பள்ளத்தாக்குத் தொடர் வேறு ரகம். அணை கட்டுவதற்காக மான்டிசெல்லோ என்ற ஊரையே காலி செய்தார்கள். மரங்களை வெட்டி, வீடுகளைப் பெயர்த்து, இடுகாட்டைத் தோண்டிப் பிணங்களைக்கூட இடம் மாற்றினார்கள். மருண்டு ஓடும் ஒரு குதிரை அந்தத் தொடரில் வரும். நம் பக்கத்து அணைகளில் கோடையில் தண்ணீர் வற்றும்போது தலைகாட்டும் கோயில் கோபுரங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தொடருக்கு விளக்கமே வேண்டாம்.

கைகளையும் பாதங்களையும் கடைசிவரை விடவில்லை. மண்வெட்டிப் பிடியில் ஊன்றிய கை, முதுகுக்குப் பின்னால் கோத்த கை, 1958ல் டெய்லரோடு ஆசியாவுக்குப் போனபோது இந்தோனேசியாவில் ஒரு நடனக்காரரின் கை. தன் சூம்பிய காலையும் ஒரு தடவை படமெடுத்தார். விளம்பரப் பலகைகளில் இருக்கும் கிண்டலும் அவருக்குப் பிடிக்கும். 1937ல் மூட்டையோடு நெடுஞ்சாலையில் நடக்கும் இரண்டு பேருக்குப் பக்கத்தில், அடுத்த முறை ரயிலில் போங்கள், ஓய்வெடுங்கள் என்று ஒரு ரயில் கம்பெனிப் பலகை.

1964ல் உணவுக்குழாய்ப் புற்றுநோய் என்று தெரிந்தது. நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் அவருடைய வாழ்நாள் படங்களைக் கண்காட்சியாக வைக்கக் கேட்டிருந்தது. மிச்சமிருந்த மாதங்களை அதற்காகப் படங்களைத் தேர்ந்தெடுத்து, எதற்கு அருகே எது என்று அடுக்கிப் பார்ப்பதில் கழித்தார். 1965 அக்டோபர் 11ல் இறந்தார். கண்காட்சி ஜனவரியில் திறந்தது.

படங்களைப் பார்க்க வேண்டுமென்றால் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தில் பெரிய அளவில் இலவசமாகவே கிடைக்கின்றன. நிபோமோ படத்தைத் தேடும்போது மற்ற பிரேம்களையும் சேர்த்துப் பாருங்கள், அவர் ஒவ்வோர் அடியாகக் கிட்டே வருவது புரியும். அங்கே அந்தப் படம் இன்றும் பழைய குறிப்போடுதான் பதிவாகியிருக்கிறது: கலிஃபோர்னியாவில் கதியற்றுப் போன பட்டாணி பறிப்போர். ஏழு குழந்தைகளின் தாய். வயது முப்பத்திரண்டு.